ஏரிக்கு வந்த ஐஸ் மெஷின்

கோட்டைக்குப்பத்திலிருந்து துளசிங்கமும் அவருடைய மருமகன் பூபதியும் தேடிக்கொண்டு வந்தபோது, சாம்சன் சுண்ணாம்புக்குளத்தில் தன் வீட்டு வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கமாக வந்து நின்ற துளசிங்கம் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"வலது பக்கமா வந்து பேசுங்க. அந்தக் காது போர் வண்டியிலேயே போயிடுச்சு" என்றாள்.

சாம்சனுக்கு நாற்பத்தொன்பது வயது. பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு போர் வண்டியில் ஏறியவர், இருபத்திரண்டு வருஷம் அதிலேயே ஊர் ஊராகச் சுற்றினார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், கர்நாடகம் என்று எங்கெங்கோ பூமியில் துளை போட்டார். கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு காது போன பிறகு, பூமிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கையாலேயே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார். லீவரைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் ஏறும் அதிர்வை வைத்து, இது செம்மண், இது சுக்காம்பாறை, இது கருங்கல் என்று சொல்லிவிடுவார். ஊருக்குத் திரும்பி எட்டு வருஷம் ஆகிறது. மோட்டார் ரிப்பேரும் கேட் வெல்டிங்கும் செய்கிறார். ஜெசிந்தா அங்கன்வாடியில் உதவியாளர். சாம்சன் ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்தான் என்றாலும், அவர் குடும்பத்தில் யாரும் வலை பிடித்ததில்லை. வயல் வேலை, செங்கல் சூளை, அப்புறம் இந்த இரும்பு.

துளசிங்கம் வந்த விஷயத்தைச் சொன்னார். கடலோடு சேரும் அந்த உப்பு ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதற்கு முறை இருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். அவர்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கு முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் பாடு. சவுக்குக் கழிகளை வரிசையாக நட்டு, அதில் வலையைக் கட்டி, நீரோட்டத்தில் வரும் இறாலைப் பிடிப்பார்கள். மார்கழியில் அடித்த புயலில் மணல் இடம் மாறி, ஓட்டமும் மாறி, அந்த இடத்தில் இருந்த சேற்றில் பெரும்பகுதி அடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கழியை எங்கே வைத்துக் குத்தினாலும் ஒரு முழத்துக்கு மேல் இறங்கவில்லை.

"கடப்பாரை போட்டுக் குத்தினோம். நாலு பேரு மாத்தி மாத்தி. ஒரு நாளைக்கு மூணு கழிதான் நட முடிஞ்சுது. அதுல ரெண்டு காலைல மிதந்துகினு கெடக்குது" என்றார் துளசிங்கம். "எங்க முறை வர்றதுக்கு இன்னும் மூணு வாரம்தான் கீது. அதுக்குள்ள இருபத்தாறு கழி நின்னாவணும்."

பூபதி படகு எஞ்சின் மெக்கானிக். அவன் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் வந்திருந்தான். "பெட்ரோல்ல ஓடுற குழி தோண்டுற மெஷின் கீது ணா. ஆகர்னு சொல்றாங்க. தென்னங்கன்னு வைக்க தோட்டத்துல யூஸ் பண்றாங்க. அத வாங்கிடலாம்னு நான் சொல்றேன். மாமாதான் உன்ன ஒரு வார்த்தை கேக்கலாம்னாரு."

"அடியில இன்னா கீது?" என்று கேட்டார் சாம்சன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மட்டிச் சிப்பிதான். வேற இன்னா" என்றான் பூபதி.

"எவ்ளோ ஆழத்துக்கு மட்டி? அதுக்குக் கீழ இன்னா?"

பூபதி உதட்டைப் பிதுக்கினான். சாம்சன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அது தெரியாம மெஷின் வாங்கக் கூடாது. நாளைக்கு வர்றேன்."

மறுநாள் காலை அவர் ஆறடி நீள இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி கோட்டைக்குப்பத்தில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குழாயைச் சம்மட்டியால் அடித்து உள்ளே செலுத்தி, மேல்வாயை ரப்பர் துணியால் இறுக்கிக் கட்டி உருவி எடுத்தார். கரைக்கு வந்து குழாயைத் தட்டியபோது, ஏரியின் அடி அப்படியே நீளமாக ஒரு சாக்கின் மேல் வந்து விழுந்தது. மேலே இரண்டு சாண் மணல் கலந்த சேறு. அதன் கீழே ஒன்றரைச் சாணுக்கு மட்டி ஓடுகள், இடைவெளியெல்லாம் களிமண் புகுந்து சிமெண்டு போட்டதுபோல் இறுகியிருந்தன. அதற்கும் கீழே நீல நிறத்தில் வழவழவென்று நல்ல களி.

சாம்சன் அந்தக் களியைக் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். "இதுதான் நமக்கு வேணும். இதுக்குள்ள ரெண்டு அடி போயிட்டா கழி அசையாது. நடுவுல இருக்கிற இந்த மட்டிய மட்டும் தாண்டணும்."

"தண்ணி பம்பு வெச்சு பீச்சி அடிச்சா இறங்கிடாதா?" என்று கேட்டான் பூபதி.

"இறங்கும். சுத்தி இருக்கிறதையும் சேர்த்துக் கரைச்சிடும். கழி லொடலொடன்னு ஆடும். துளை கழி அளவுக்குத்தான் இருக்கணும்."

அதன் பிறகு அவர் செய்த காரியத்தைப் பார்த்துக் கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் கேட்டு வாங்கி, குழாயால் இன்னும் பல முறை அள்ளி வந்து, அதில் முதலில் களி, அதன்மேல் மட்டி, அதன்மேல் சேறு என்று ஏரிக்குள் இருந்த அதே வரிசையில் போட்டு, மிதித்து மிதித்து இறுக்கினார். இரண்டு நாள் அப்படியே கெட்டிப்பட விட்டார். மூன்றாம் நாள் அந்த டிரம்மைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு மூவரும் சென்னைக்குப் புறப்பட்டார்கள்.

"மெஷின் வாங்கப் போறதுக்கு ஏரிய எதுக்குத் தூக்கினு போறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான் பூபதி.

"கடைக்காரன் எல்லா மெஷினையும் நல்லாதான் கீதுன்னு சொல்லுவான். இது பொய் சொல்லாது" என்றார் சாம்சன்.

பாரிமுனையில் இரும்புச் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் தெரு ஒன்றில், சாம்சனுக்குப் பழக்கமான கடை இருந்தது. முதலாளி ஊரில் இல்லை. கவுண்டரில் இருந்தவள் சரண்யா. முப்பது வயதிருக்கும். வாசலில் சேறும் சிப்பியுமாக ஒரு டிரம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னாண்ணா இது?"

"ஆகர் வாங்க வந்தோம்மா. இதுல ஓட்டிப் பார்த்துட்டு வாங்கிக்கிறோம்."

"டெமோவுக்கு நாங்க மண்ணுத் தொட்டி வெச்சிருக்கோம்ணா."

"அது பூந்தொட்டி மண்ணு. எங்களுக்கு இதுல ஓடணும்."

சரண்யா குனிந்து டிரம்முக்குள் பார்த்தாள். பிறகு கடைப் பையன்களிடம் மூன்று மெஷின்களை வெளியே எடுத்து வரச் சொன்னாள்.

முதலில் பூபதி கேட்ட பெட்ரோல் மெஷின். அவனே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தான். தெருவே புகையானது. திருகு சேற்றில் இறங்கி மட்டியைத் தொட்டதும் டிரம் சுற்ற ஆரம்பித்தது. துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மைக் கட்டிப் பிடித்தார். பக்கத்துக் கடைக்காரர் இருவர் வந்து சேர்ந்து பிடித்தார்கள். ஓடுகள் நொறுங்கி நாலா பக்கமும் தெறிக்க, திருகு களிக்குள் இறங்கியது.

"பாத்தியா" என்றான் பூபதி, முகத்தில் தெறித்த சேற்றோடு.

"இறங்குது. நல்லாவே இறங்குது" என்று ஒப்புக்கொண்டார் சாம்சன். "இப்ப அத மார் உசரத்துக்குத் தூக்கிப் புடி."

பூபதி தூக்கினான்.

"அப்படியே நூறு வரைக்கும் எண்ணு."

நாற்பதை எண்ணும்போதே அவன் கை கீழே இறங்கிவிட்டது. மெஷினைக் கீழே வைத்தான். அதன் அடியிலிருந்து எண்ணெய் சொட்டி நடைபாதையில் வட்டமாகப் படர்ந்தது. துளசிங்கம் அதைக் கவனித்தார்.

"இந்த எண்ணெய் நம்ம பாடு எடத்துல சொட்டுனா எறா அந்தப் பக்கமே வராது" என்றார்.

இரண்டாவது, பேட்டரியில் ஓடும் மண் ஆகர். எடை குறைவு. புகை இல்லை. ஆனால் மட்டிக்குள் பாதி போனதும் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்பக்கம் சுற்றும் வசதியே அதில் இல்லை. கடப்பாரையால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதுவே தண்ணீருக்கடியில் நடந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

மூன்றாவதைத் தூக்கி வந்த பையன் அதைக் கொஞ்சம் சங்கடத்தோடு வைத்தான். அதன் திருகு மற்றவை போல் இல்லை. அகலமாக, பளபளப்பாக, நுனியில் சவரக் கத்தி மாதிரி இரண்டு தகடுகளோடு இருந்தது. மோட்டாருக்குக் கீழே தட்டையான பெரிய வட்டத் தட்டு ஒன்று.

"இது உங்களுக்கு ஆவாதுண்ணா. சும்மா காட்டுறேன்" என்றாள் சரண்யா. "லடாக்ல கேம்ப் நடத்துற ஒருத்தர் ரெண்டு ஆர்டர் குடுத்தாரு. ஒண்ணுதான் எடுத்தாரு. இது ஐஸ்ல ஓட்டை போடுற பேட்டரி மெஷின்."

"ஐஸ் பாக்டரிக்கா?" என்று கேட்டார் துளசிங்கம்.

சரண்யா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஏரி. கம்பளி மூட்டைபோல் உடுத்திய ஒரு ஆள், அந்த மெஷினால் ஐஸில் துளை போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, துளைக்குள் தூண்டில் விட்டுக்கொண்டிருந்தான். துளசிங்கம் போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"ஏரி மேலேயே ஸ்டூல் போட்டு உக்காந்துகினு கீறான்" என்றார். பிறகு, "மீன் கெடைச்சுதா?" என்று கேட்டார்.

சாம்சன் வீடியோவைப் பார்க்கவில்லை. மெஷினின் தலையைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் மெஷினின் எடையில் பாதிகூட இல்லை. கைப்பிடிகள் இரண்டும் அகலமாக விலகி இருந்தன, திருகு சிக்கி உதறினால் மணிக்கட்டு தாங்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் பின்பக்கமாகச் சுற்றியது.

"இந்தத் தட்டு எதுக்கும்மா?"

"துளை வழியா தவறி விழுந்தா முழுகாம மிதக்கிறதுக்காம்."

சாம்சன் பூபதியைப் பார்த்தார். "தண்ணி மேல நின்னு வேலை செய்யறவனுக்காகச் செஞ்ச மெஷின் இது ஒண்ணுதான்."

"ணா, அது ஐஸு. ஏரிக்கு அடியில கீறது மட்டி."

"அந்த பிளேடு மட்டியில அஞ்சு நிமிஷம் தாங்காது, வாஸ்தவம். ஆனா மோட்டாருக்கு ஐஸா மட்டியான்னு தெரியாது. அது நுனியில கீற பிட்டோட கவலை. பிட்ட நான் பாத்துக்கிறேன்."

டிரம்மில் ஓட்டிப் பார்த்தார்கள். சொன்னது போலவே பிளேடு மட்டியில் பட்டு மொக்கையானது. சாம்சன் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மோட்டார் திணறும் விதத்தை உள்ளங்கையால் கேட்டார். எட்டங்குல அகலத்தில் இழுத்துக்கொண்டிருந்த மோட்டாருக்கு நாலங்குலத் துளை என்றால் பாதிச் சுமைதான். போதும் என்று அவருக்குத் தெரிந்தது.

"இந்தத் தலை, ரெண்டு பேட்டரி, அப்புறம் நாலு இஞ்ச் மண்ணு திருகு ஒண்ணு. அவ்ளோதான் எங்களுக்கு" என்றார்.

அப்படித் தனித்தனியாகக் கொடுக்கும் வழக்கமில்லை என்றாள் சரண்யா. பிறகு முதலாளிக்கு போன் போட்டாள். ஒரு வருஷமாகக் கடையில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள் என்பதை அழுத்திச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்கண்ணா. ஏரிய மட்டும் மறக்காம திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சாம்சன் திருகின் நுனியில் இருந்த பற்களை அறுத்து எறிந்தார். போர் பிட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த கெட்டி முனைகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். தண்டை நான்கடி நீட்டினார். அங்கன்வாடியிலிருந்து வந்த ஜெசிந்தா அந்த நீளத்தைப் பார்த்து, "இதத் தூக்கினு பஸ்ல எப்பிடிப் போவ?" என்றாள். 

சோதனை நாளில் கோட்டைக்குப்பம் கரையில் பாதி ஊர் நின்றது. படகு கிளம்பும் முன் பூபதி மெஷினைத் தூக்கிப் பார்த்தான். "தட்டு ஐஸ் பிட்டுக்குத்தான் தாங்கும். நீ போட்ட இரும்புக்குத் தாங்காது ணா" என்று சொல்லி, வலையின் மிதவைகளில் எட்டை எடுத்து மோட்டாரைச் சுற்றிக் கட்டினான். சாம்சனுக்கு அது அநாவசியமாகப் பட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாடு இருந்த இடத்துக்குப் போய் நங்கூரம் போட்டார்கள். சாம்சன் படகின் முனையில் நின்று திருகைத் தண்ணீருக்குள் இறக்கிப் பொத்தானை அழுத்தினார். சேற்றில் வெண்ணெய்போல் போனது. மட்டியைத் தொட்டது. திருகு அதைப் பற்றிய அந்தக் கணத்தில், திருகு சுற்றுவதற்குப் பதிலாகப் படகு சுற்றியது.

இருபத்திரண்டு வருஷமும் அவர் காலடியில் ஜாக்கி ஊன்றி நிற்கும் பன்னிரண்டு டன் லாரி இருந்தது. தண்ணீரில் நிற்கும் படகு எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கால் நழுவி மெஷினோடு ஏரியில் விழுந்தார். கரையிலிருந்து வந்த சிரிப்பு ஒற்றைக் காதுக்கும் நன்றாகவே கேட்டது.

எழுந்து நின்றபோது தண்ணீர் மார்பளவு இருந்தது. மெஷின் மிதவைகளின் புண்ணியத்தில், திருகு கீழே தொங்க, மோட்டார் மேலே தலை காட்டியபடி பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பூபதி குதித்து அதைப் பிடித்து மேலே ஏற்றி, முதலில் பேட்டரியைக் கழற்றித் துடைத்தான்.

சாம்சன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் திருகு மட்டியைக் கடித்ததை அவர் கை உணர்ந்திருந்தது. மெஷினில் தப்பில்லை.

"தப்பு என்னுது. தரையில நிக்கிறவன் மாதிரி யோசிச்சிட்டேன்" என்றார். "படகு திரும்பாம நிறுத்தணும். அது உங்க வேலை. எனக்குத் தெரியாது."

துளசிங்கம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ரெண்டு படகு. நடுவுல ஒரு முழம் விட்டு, முன்னயும் பின்னயும் குறுக்குக் கழி போட்டுக் கட்டு. நாலு மூலைக்கும் நங்கூரம். அப்புறம் படகத் திரும்பச் சொல்லு பாக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் அப்படியே கட்டினார்கள். சாம்சன் இரண்டு படகிலும் ஒவ்வொரு காலை ஊன்றி, நடுவில் இருந்த இடைவெளியில் திருகை இறக்கினார். படகுகள் ஒரு முறை முனகின. கயிறுகள் விறைத்தன. படகுகள் நகரவில்லை. அவர் கைக்கு ஏரியின் அடி ஒவ்வொன்றாக வந்தது. முதலில் சேற்றின் மெத்தென்ற இழுப்பு. பிறகு மட்டி, பல் கூசும் அதிர்வு தோள்வரை ஏறியது. ஒரு இடத்தில் சிக்கியது. பின்பக்கம் அரைச் சுற்று விட்டு மீண்டும் முன்னால் கொடுத்தார். அப்புறம் அந்த அதிர்வு திடீரென்று அடங்கி, மோட்டார் இதமாக உறுமியது.

"களி" என்றார். "கழியத் தயாரா வெச்சுக்கோ. திருகு வெளிய வந்த கையோட இறக்கணும். ரெண்டு மூச்சு விட்டா துளை மூடிக்கும்."

திருகு மேலே வர, துளசிங்கமும் இன்னொருவரும் அதே இடத்தில் சவுக்குக் கழியைச் செங்குத்தாக இறக்கி, மேலிருந்து மரக்கட்டையால் நாலு அடி அடித்தார்கள். கழி நின்றது. பூபதி தண்ணீரில் குதித்து அதைக் கட்டிப் பிடித்து, கால்களைத் தூக்கி முழு உடம்பையும் தொங்கவிட்டான். கழி லேசாக வளைந்ததே தவிர, அடியில் அசையவில்லை.

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கழியை எடுத்தான்.

முதல் பேட்டரியில் பதினான்கு கழி. வெயில் ஏறியபோது கரைக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டு, இரண்டாவது பேட்டரியோடு போனார்கள். மாலை மூன்று மணிக்கு இருபத்தாறாவது கழி நின்றது. திரும்பி வந்ததும் சாம்சன் யாரையும் தொடவிடாமல், மெஷினை நல்ல தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வைத்தார். உப்புத் தண்ணீர் இரும்பை எப்படித் தின்னும் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எல்லோரும் கேட்டார்கள்.

பாடு தொடங்கிய முதல் நாள் ஓட்டம் பலமாக இருந்தது. இருபத்தாறு கழியும் வரிசை குலையாமல் நின்றன. இறாலும் மடவை மீனும் வந்தன. அந்த வாரத்தில் ஒரு கழியும் மிதக்கவில்லை.

வாரக் கடைசியில் பன்னிரண்டு குடும்பமும் கூடிப் பேசினார்கள். இனி ஒவ்வொரு முறை கழி நடும்போதும் சாம்சனைக் கூப்பிடுவது, பிடிப்பில் அவருக்கும் ஒரு பங்கு வைப்பது என்று முடிவானது. வெளியாளுக்குப் பங்கு வைப்பது அந்தக் குப்பத்தில் வழக்கமில்லாத விஷயம். துளசிங்கம் அதைச் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சாம்சன் தலையை ஆட்டினார். "பங்கு வெக்கிறது சந்தோஷம் ணா. வேணாம்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓட்டணும்னா முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தா உங்க பாடு நின்னுடும். பூபதி ஓட்டட்டும். பல்லு தேஞ்சா, மோட்டார் கத்தினா, அப்ப நான் வர்றேன்."

"நான் பெட்ரோல் மெஷின்தான் நல்லதுன்னு சொன்னவன் ணா" என்றான் பூபதி.

"மிதவை கட்டினதும் நீதான்."

அடுத்த மாதம் கழிகளை இடம் மாற்றி நட்டபோது சாம்சன் வந்திருந்தார். இரண்டு படகிலும் ஒவ்வொரு காலை ஊன்றி பூபதி மெஷினைப் பிடித்தான். சாம்சன் கொஞ்ச நேரம் மட்டும் கைப்பிடியின் ஓரத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். மட்டி முடிந்து களி தொடங்கும் இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அதன் பிறகு அவர் படகின் பின்பக்கம் போய், துளசிங்கம் வீட்டிலிருந்து வந்திருந்த தூக்குப் பாத்திரத்தைத் திறந்து, இறால் தொக்கோடு சாப்பிட உட்கார்ந்தார். வேலை நடந்துகொண்டிருந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.